வெயில் ஏற ஏறச் சாப்பிட்ட வீடு

எங்கள் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லப் போகிறேன். கட்டின புருஷனைப் பற்றி இப்படியா பேசுவாள் என்று யாராவது மூக்கின்மேல் விரலை வைத்தால் வைத்துக்கொள்ளட்டும். இத்தனை வருஷம் இவரோடு குடித்தனம் நடத்தியவள் நான். எனக்கில்லாத உரிமை வேறு யாருக்கு இருக்கிறது?

இவருக்கு லாரி எடைமேடையில் வேலை. கல், மணல், இரும்பு என்று ஏற்றிக்கொண்டு வருகிற லாரிகள், தரையோடு தரையாகப் பதித்திருக்கும் ஓர் இரும்பு மேடையில் ஏறி நிற்கும். பக்கத்துக் கண்ணாடி அறையில் இவர் உட்கார்ந்திருப்பார். எதிரே ஒரு சின்னத் திரை. அதில் சிவப்பு எண்கள் ஓடி, ஆடி, ஓரிடத்தில் நிற்கும். நின்றதும் சீட்டு அடித்துக் கொடுக்க வேண்டும். வேலை இவ்வளவுதான். ஆனால் அந்த எண் நிற்கிறவரை இவர் மூச்சுக்கூட விடமாட்டார் என்று டிரைவர்கள் சொல்வார்கள். அவர்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? ஒருவன் பின்சக்கரத்தை மேடைக்கு வெளியே தொங்கலாக நிறுத்துவான். இன்னொருவன் கிளீனரை மேடைமேல் நிற்க வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாத பூனை மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். பிடிபட்டால் பெற்ற தாய்மேல் சத்தியம் செய்வான். இவர் யாரிடமும் சண்டைக்குப் போகமாட்டார். ஒரு விரலால் திரையைக் காட்டுவார்.

"வாய் ஆயிரம் சொல்லும்பா. இது ஒண்ணுதான் சொல்லும்."

இந்தப் புத்தியை அந்தக் கண்ணாடி அறையிலேயே பூட்டிவிட்டு வந்தால் எனக்கு என்ன வந்தது? வீட்டிலும் அதே கதைதான். பெண்ணுக்கு உடம்பு சுடுகிறது என்று நான் நெற்றியைத் தொட்டுச் சொன்னால் நம்பமாட்டார். தெர்மாமீட்டர் சொன்னால்தான் காய்ச்சல். பசிக்கிறதா என்று கேட்டால் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வார். நல்ல மனுஷர், அதில் சந்தேகமே இல்லை. குடி கிடையாது, அதிர்ந்து ஒரு சொல் கிடையாது. ஆனால் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார். நாலாவது காலை நாம் காட்டினால், அது திரையில் வரவில்லையே என்பார்.

இப்படிப்பட்ட மனுஷர் கையில், வீட்டுக் கரண்டை நிமிஷத்துக்கு நிமிஷம் காட்டுகிற ஒரு ஆப் கிடைத்தால் என்ன ஆகும்?

அதற்கு முன்னால் என் அடுப்பைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நான் ஒரு பேக்கரியில் மாவு பிசைகிற மேஜையில் பல வருஷம் நின்றவள். பன் என்றால் என் கை பன்தான் என்று தேடி வந்து வாங்குவார்கள். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது. முதலாளி வயசாகிவிட்டது என்று கடையை மூடியபோது, அங்கிருந்த கரண்ட் அடுப்பை நான் வாங்கிக்கொண்டேன். இரண்டு அடுக்கு, ஆள் உயரம். பின்கட்டு அறையில் அதற்கென்று தனி வயர் இழுத்து வைத்தோம். மாடியில் சோலார் போட்டதே அந்த அடுப்புக்காகத்தான். பகலில் வெயில் சும்மா கிடக்கிறது, அதிலேயே பன் வெந்துவிடும் என்பது இவர் சொன்ன யோசனைதான். அன்றைக்கு இவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல் இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரி கேன்டீனைப் பார்த்துக்கொள்கிற அம்மாவுக்கு என் பன் பழைய பழக்கம். "நாலு மணி டீக்கு நீங்களே போட்டுக் குடுங்களேன். தினமும் வேணும். ஆனா ரொம்ப நாள் காத்திருக்க முடியாது" என்று சொல்லியிருந்தார். எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை, சந்தோஷத்தில். மறுபடியும் என் கையில் மாவு ஒட்டப்போகிறது, இந்தத் தடவை என் அடுப்பு, என் பன்.

சோலார் பலகை மாட்ட வந்த பையன்கள் பொழுது சாயும்போது வேலையை முடித்தார்கள். இவருடைய போனில் ஆப்பைப் போட்டுக் காட்டினார்கள். திரையில் ஒரு சூரியன், ஒரு வீடு, ஒரு கரண்ட் கம்பம். சூரியனுக்குப் பக்கத்தில் உள்ள எண், மாடியில் எவ்வளவு விளைகிறது என்று சொல்லும். வீட்டுக்குப் பக்கத்தில் உள்ளது, வீடு எவ்வளவு செலவழிக்கிறது என்று சொல்லும். கம்பத்திலிருந்து வீட்டுக்கோ, வீட்டிலிருந்து கம்பத்துக்கோ சின்னச் சின்னப் புள்ளிகள் ஓடும். குறைந்தால் கம்பத்திலிருந்து வாங்குகிறோம், மிஞ்சினால் கம்பத்துக்குக் கொடுக்கிறோம் என்று அர்த்தம். இதையெல்லாம் கண்டுபிடித்துச் சொல்வது மெயின் பெட்டிக்குள் வயரைச் சுற்றி மாட்டியிருக்கும் ஒரு கறுப்பு வளையம்.

மறுநாள் காலை எழுந்ததும் இவர் செய்த முதல் வேலை, அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்ததுதான். வளையத்தின்மேல் ஒரு சின்ன அம்பு அச்சடித்திருந்தது. அது தெருப் பக்கம் பார்த்து இருந்தது.

"கரண்ட் வெளியிலேர்ந்து உள்ள வருது. அம்பு உள்ள பாத்துத்தானே இருக்கணும்? பசங்க அவசரத்துல மாட்டிட்டாங்க" என்றார். எடைமேடையிலும் லாரி ஏறுகிற பக்கத்தைத் தரையில் அம்பு போட்டுத்தான் காட்டியிருக்கும். மெயினை நிறுத்தினார், வளையத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினார், கையைத் தட்டிக்கொண்டார். வேலைக்குப் போனார்.

அன்று முதல் எங்கள் வீடு வெயில் ஏற ஏறச் சாப்பிட ஆரம்பித்தது.

நான் சமையலறையில் இருந்தேன். போன் அடித்தது.

"என்ன போட்ட?" என்றார், எடுத்த எடுப்பில்.

"எதுவும் போடலையே."

"வீட்டு எண் எங்கேயோ போய் நிக்குது. மாடியில விளையறது பத்தாம கம்பத்துலேர்ந்து வேற அள்ளுது. என்ன போட்ட, சொல்லு."

"வெங்காயம் நறுக்கிட்டு இருக்கேன். கத்திக்கும் கரண்ட் வேணுமா?"

"விளையாடாத. திரையில சிவப்பா காட்டுது."

அரை மணிக்கு ஒருதரம் போன். ஃபிரிட்ஜ் திறந்து கிடக்கிறதா, போய்ப் பார். மோட்டார் ஓடுகிறதா, போய்ப் பார். உச்சி வெயிலுக்கு எண் உச்சிக்கு ஏறியது. சாயங்காலம் வெயில் இறங்க இறங்க அதுவும் இறங்கியது. இருட்டியதும் வீட்டுக்குப் பக்கத்தில் பூஜ்யம். அதோடு விட்டதா? வீட்டிலிருந்து கம்பத்தைப் பார்த்துப் புள்ளிகள் ஓடின, நாங்கள் ஊருக்குக் கரண்ட் தானம் பண்ணுவதுபோல.

இவர் அதையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். பார்த்து முடித்துச் சட்டம் போட்டார். பகலில் ஃபேன் கூடாது. வாஷிங் மெஷின், அயர்ன் பாக்ஸ், மிக்ஸி எல்லாம் விளக்கு வைத்த பிறகுதான்.

"ராத்திரி துணி துவைச்சா கம்பத்துக்குப் போற புள்ளி இன்னும் வேகமா ஓடுது பாரு. நமக்கு லாபம்" என்றார். கரண்டைச் செலவழித்தால் கரண்ட் வருகிற ஒரே வீடு உலகத்திலேயே எங்கள் வீடாகத்தான் இருக்கும். அப்போதாவது எங்களுக்கு உறைத்திருக்க வேண்டாமா? எனக்கும் உறைக்கவில்லை. எந்திரம் சொல்கிறது, இவர் சொல்கிறார், நமக்கென்ன தெரியும் என்று இருந்துவிட்டேன்.

இப்படியாக, ஊர் அடங்குகிற நேரத்தில் எங்கள் வீடு கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும். ஒரு பக்கம் மிக்ஸி அலறும், ஒரு பக்கம் வாஷிங் மெஷின் உருளும், கொட்டாவி விட்டுக்கொண்டே நான் அயர்ன் பண்ணுவேன். பகலில் சாவு வீடு. பரீட்சைக்குப் படிக்கிற எங்கள் பெண், ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"அம்மா, நான் படிக்கிறேனா வேகிறேனா, அதை மட்டும் அப்பாகிட்ட கேட்டுச் சொல்லு" என்பாள்.

இவருடைய தங்கை அடுத்த தெருவில் தையல் கடை வைத்திருக்கிறாள். வாயாடி. எனக்கு நாத்தனார் என்றாலும் கூடப்பிறந்தவள் மாதிரி. ஒரு நாள் விளக்கு வைத்த பிறகு வந்தவளிடம் இவர் பெருமையாகப் போனை நீட்டினார். அவள் புள்ளிகள் ஓடுவதைப் பார்த்தாள், ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள்.

"ஏண்ணா, சூரியன் போய் எவ்வளவு நேரமாச்சு. இது எங்கேர்ந்து போகுது? நிலாவுல விளையுதா?"

"அது... பகல்ல வயர்ல தேங்கி நின்னது திரும்பிப் போகுது."

"தேங்கறதுக்கு அது என்ன குழாய்த் தண்ணியா?"

இவர் மழுப்பிவிட்டார். ஆனால் அவள் வாய் சும்மா இருக்குமா? துணி தைக்க வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னாள். நாலு நாளில் தெருப் பிள்ளைகளுக்கு இவர் "நிலா மாமா" ஆகிவிட்டார். இவர் வண்டியை நிறுத்தினால், "நிலா மாமா, இன்னிக்கு என்ன, பௌர்ணமியா?" என்று கேட்டுவிட்டு ஓடும். இவரும் சிரித்துக்கொண்டே, "ஆமாடா, விளைச்சல் நல்லா இருக்கு" என்பார். அந்தக் குணம் இவரிடம் எனக்குப் பிடிக்கும். தன்னைக் கேலி செய்தால் கோபமே வராது.

ஆனால் பகலில் கரண்டைத் தின்கிற திருடனை இவர் விடுவதாக இல்லை. லீவு நாளில் ஒவ்வொரு ப்ளக்காகப் பிடுங்குவார். ஃபிரிட்ஜின்மேல் காதை வைத்து டாக்டர் மாதிரி கேட்பார். வாசல் மணியைக் கழற்றிப் பார்த்தார். ஃபிரிட்ஜை நிறுத்தினால் எண் குறைய வேண்டும் அல்லவா? கொஞ்சம் ஏறியது.

"பாத்தியா! திருடன் உஷாராயிட்டான்" என்றார்.

இதெல்லாம் கேட்கச் சிரிப்பாக இருக்கும். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. பின்கட்டு அறையில் என் அடுப்பு பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்றது. அதன் தலையில் துவைத்த துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்திருந்தோம். அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது.

"அடுப்பை எப்பங்க போடறது?" என்று கேட்டால், "கூடாதுன்னு நான் சொன்னேனா? இப்பவே பகல்ல வீடு இந்தத் தின்னு தின்னுது. அதையும் போட்டா தாங்குமா? திருடனைப் பிடிச்சுடறேன், அப்புறம் போடலாம்" என்பார். கூடாது என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன். போன் கூடாது என்கிறதே, போனோடு எப்படிச் சண்டை போடுவது?

அதைவிட ஒன்று என்னைக் குத்திக்கொண்டே இருந்தது. "எதுவும் போடல" என்று நான் சொல்லும்போதெல்லாம் "நிஜமாவா?" என்று மறுபடியும் கேட்பார். இவர் என்னை நம்பவில்லை. அது எனக்குத் தெரியும். கிளீனரை மேடையில் நிறுத்திவிட்டு வானத்தைப் பார்க்கிற டிரைவர்களோடு என்னையும் சேர்த்துவிட்டார். இத்தனை வருஷம் இவருக்குச் சோறு போட்டவள் நான்.

இப்படியே சில வாரம் போயிற்று. கேன்டீன் அம்மா போன் செய்தார்.

"சனிக்கிழமை ஒரு தட்டு சாம்பிள் கொண்டு வந்துடுங்க. இதுக்கு மேல என்னால நிறுத்தி வைக்க முடியாது. வேற ஒருத்தர் தினமும் வந்து கேக்கறாங்க. கோவிச்சுக்காதீங்க."

"இல்லம்மா, கண்டிப்பா வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். போன் வந்த அன்று இவருக்கு வார லீவு. நல்ல மத்தியானம், வெளியே காக்கா குருவி இல்லை. இவர் கூடத்தில் வியர்த்து வடிய உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமை சாம்பிள் கேக்கறாங்க. அடுப்பைப் போடறேன்" என்றேன்.

"அவசரப்படாத. இப்ப பாரு, ஒரு லைட்டுகூட எரியல, எண் எங்கே நிக்குது பாரு. அடுத்த மாசம் பாக்கலாம்னு சொல்லிடு."

"அடுத்த மாசம் வேற ஆளுக்குப் போயிடும்."

"அதுக்கு நான் என்ன பண்றது? எண் அப்படி இருக்கே!"

எனக்குக் கோபம் வந்தால் பேச மாட்டேன். கை பேசும். நேராகப் போய்க் கூடத்து ஃபேனைப் போட்டேன். அறை ஃபேன்களைப் போட்டேன். வாஷிங் மெஷினில் துணியே இல்லாமல் பொத்தானை அமுக்கினேன். அயர்ன் பாக்ஸை நிமிர்த்தி வைத்துப் போட்டேன், குளியலறை ஹீட்டரைப் போட்டேன், மோட்டாரைப் போட்டேன்.

"ஐயய்யோ, என்ன பண்ற? பைத்தியம் பிடிச்சுடுச்சா?" என்று இவர் பின்னாலேயே ஓடி வந்தார்.

"ஆமா, பிடிச்சுடுச்சு! நான்தானே திருடி? இந்தாங்க, கண்ணு முன்னாடியே திருடறேன். நல்லா பாத்துக்கோங்க!"

பின்கட்டுக்குப் போனேன். மடித்து வைத்திருந்த துணிகளைத் தரையில் தள்ளினேன். போர்வையை உருவினேன். என் அடுப்பின் இரண்டு அடுக்கையும் முழுச் சூட்டில் வைத்து ஸ்விட்சைத் தட்டினேன். சிவப்பு விளக்கு இரண்டும் எரிந்தன. எனக்கு மூச்சு வாங்கியது, கண்ணில் தண்ணீர் வேறு.

திரும்பினால் இவர் வாசற்படியில் நிற்கிறார். போனையே பார்க்கிறார். முகத்தில் ஈயாடவில்லை. மனுஷருக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்துபோய்க் கிட்டே ஓடினேன்.

"என்னங்க? என்ன பண்ணுது?"

"குறையுது" என்றார்.

"என்ன குறையுது?"

"வீட்டு எண் குறையுது. இவ்வளவும் போட்டிருக்க. பாதிக்குப் பாதி குறைஞ்சுபோச்சு."

சத்தம் கேட்டு எங்கள் பெண் துண்டும் தலையுமாக வந்து நின்றாள். இவர் போனை அவள் கையில் கொடுத்தார். "எண்ணைப் படிச்சுக்கிட்டே இரு" என்று சொல்லிவிட்டு ஹீட்டரை நிறுத்தினார். "ஏறுதுப்பா!" என்றாள். போட்டார். "இறங்குதுப்பா!" அடுப்பின் ஒரு அடுக்கை நிறுத்தினார். "ஏறுது!" போட்டார். "இறங்குது!" அவளுக்குக் குஷி தாங்கவில்லை. "இன்னும் போடுப்பா, இன்னும் போடு!" என்று குதித்தாள். வீடெல்லாம் எந்திரங்கள் கத்த, நடுவில் அப்பாவும் பெண்ணும் ஸ்விட்சுக்கு ஸ்விட்ச் ஓட, எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

இவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். தலையில் கை.

"லாரி ஏற ஏற எடை குறைஞ்சா, லாரிமேல தப்பில்லடி. மேடையை மாட்டினவன் தப்பு" என்றார், மெதுவாக.

பலகை மாட்டிய பையனுக்குப் போன் போட்டார். நான் விடுவேனா? ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"தம்பி, அந்தக் கறுப்பு வளையத்துல அம்பு எந்தப் பக்கம் பாத்து இருக்கணும்?"

"தெருக் கம்பத்தைப் பாத்து சார். இந்த கம்பெனி வளையம் அப்படித்தான். நான் சரியாத்தானே மாட்டிட்டு வந்தேன்? ஏன் சார், யாராவது தொட்டாங்களா?"

இவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"தொட்டாங்க தம்பி. நான் பேசிக்கறேன் அவங்ககிட்ட" என்று சொல்லிப் போனை வைத்தார்.

நான் போட்டதையெல்லாம் அணைத்துவிட்டு, மெயினை நிறுத்தி, வளையத்தைத் திருப்பி மாட்டி, மறுபடி போட்டதும் திரை சாதுவாக உண்மையைச் சொன்னது. சூரியனுக்குப் பக்கத்தில் பெரிய எண். வீட்டுக்குப் பக்கத்தில் சுண்டைக்காய் அளவு. மிச்சமெல்லாம் புள்ளி புள்ளியாகக் கம்பத்தைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. வீடு விழுங்குகிறது என்று இத்தனை வாரம் இவர் அலறியதெல்லாம் நாங்கள் வெளியே கொடுத்துக்கொண்டிருந்த கரண்ட்தான்; அம்பு தலைகீழாக இருந்ததால் போனதை வந்ததாகக் காட்டியிருக்கிறது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நாங்கள் வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு வேர்வையில் நனைந்தோம்.

பெண் ஓடிப்போய் ஃபேனைப் போட்டு அதற்குக் கீழே மல்லாந்து படுத்துவிட்டாள். இவர் மட்டும் மெயின் பெட்டியை விட்டு நகரவில்லை. கேலி செய்யலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் இவரே பேசினார்.

"அப்போ, நான் போன் பண்ணினப்ப எல்லாம் நீ எதுவும் போடல."

"எதுவும் போடல."

"வெங்காயம்தான் நறுக்கிட்டு இருந்த."

"வெங்காயம்தான்."

"நான் நம்பல" என்றார். பெட்டி மூடியின் திருகாணியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். "நீ சொன்னே. நான் நம்பல."

எனக்கு அதுவரை இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை. ஆனாலும் உடனே காட்டிக்கொள்வேனா? முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, "சரி சரி, அந்தத் துணியை எல்லாம் பொறுக்கி வைங்க. நான் மாவு வாங்கப் போறேன்" என்று கிளம்பிவிட்டேன். தெருமுனை திரும்பிய பிறகுதான் சிரித்தேன். தனியாக நின்று அப்படிச் சிரித்ததைப் பார்த்து மளிகைக்கடைக்காரர், "என்னம்மா, நல்ல சேதியா?" என்று கேட்டார்.

சனிக்கிழமை வந்தது. கூடவே மேகமும் வந்தது. அத்தனை நாள் நெருப்பாகக் கொட்டிய வெயில் அன்று பார்த்தா ஒளிந்துகொள்ள வேண்டும்? வானம் அழுக்குப் போர்வை போர்த்தியதுபோலக் கிடந்தது. இவர் அரை நாள் லீவு போட்டு வீட்டில் இருந்தார், பன்னை வண்டியில் கொண்டுபோய்ச் சேர்க்க.

மாவு நன்றாகப் பொங்கி வந்திருந்தது. கிள்ளி உருட்டித் தட்டில் அடுக்கினேன். என் கை எதையும் மறக்கவில்லை. அடுப்பைப் போட்டு, சூடேறியதும் முதல் தட்டை உள்ளே தள்ளினேன். பின்கட்டு அறை கொதித்தது. கதவருகே இவர் போனைப் பார்த்துக்கொண்டு நின்றது கடைக்கண்ணில் தெரிந்தது. எட்டிப் பார்த்தேன். சூரியனுக்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லாத மாதிரி ஒரு எண். வீட்டுக்குப் பக்கத்தில் ரத்தச் சிவப்பு. கம்பத்திலிருந்து புள்ளிகள் நாலுகால் பாய்ச்சலில் வந்துகொண்டிருந்தன. இந்தத் தடவை அம்பு சரியாக இருந்தது. எண்ணில் பொய் இல்லை. என் அடுப்பு நிஜமாகவே அவ்வளவும் தின்றுகொண்டிருந்தது.

நிறுத்து என்று சொல்லிவிடுவாரோ? சொன்னால் இந்தத் தடவை எண்ணும் அவர் பக்கம். பாதி வெந்த பன்னை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்? பேசாமல் இரண்டாவது தட்டை எடுத்தேன். நெற்றி வேர்வை கண்ணில் இறங்கி எரிந்தது, துடைக்கக் கை இல்லை.

இவர் உள்ளே போனார். கூடத்தில் ஏதோ உருட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் டேபிள் ஃபேன். அதை வாசற்படியில் வைத்து, ப்ளக்கைச் சொருகி, தட்டில் மாவு பறக்காதபடி பார்த்து, என் முகத்துக்கு நேராகத் திருப்பினார்.

"எண் ஏறுமே" என்றேன்.

"ஏறட்டும்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணில் இறங்கியது வேர்வை மட்டும் இல்லை.

பன்கள் பொன்னிறமாக, பஞ்சு பஞ்சாக வந்தன. ஆறுவதற்குள் எங்கள் பெண் இரண்டைக் காலி செய்துவிட்டு மூன்றாவதில் கை வைத்தாள். ஒரு தட்டு தட்டி விரட்டினேன். எவர்சில்வர் டப்பாவில் அடுக்கி, அதை மடியில் வைத்துக்கொண்டு வண்டியின் பின்னால் உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரி கேன்டீனுக்குப் போய்ச் சேரும்போது டீ நேரம். அந்த அம்மா ஒரு பன்னை எடுத்து அமுக்கிப் பார்த்தார், பிட்டார், வாயில் போட்டார். மிச்சப் பாதியையும் சாப்பிட்டு முடித்தார்.

"பழைய கைதான்" என்றார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவர் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "உங்க வீட்ல சோலார்ல போடறதா சொன்னீங்களே. தினமும் வேணும் எனக்கு. பேஷன்ட்டுங்க காத்துக்கிட்டு இருப்பாங்க. இன்னிக்கு மாதிரி மேகமா இருந்தா என்ன பண்ணுவீங்க? அதை நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

இதைக் கேட்பார் என்று நான் நினைக்கவில்லை. மேகத்தில் அடுப்பைப் போடுவது இவர் கையில் அல்லவா இருக்கிறது? இவரைத் திரும்பிப் பார்த்தேன். போனை எடுப்பார், ஆப்பைத் திறப்பார், மேகம் இருந்தால் இவ்வளவு, மழை பெய்தால் இவ்வளவு என்று ஆரம்பிப்பார், அந்த அம்மா பயந்து வேறு ஆளைப் பார்த்துவிடுவார் என்று என் மனசு அடித்துக்கொண்டது.

இவர் போனை எடுக்கவில்லை. அது சட்டைப் பையில்தான் இருந்தது.

"மேகமா இருந்தாலும் வரும்மா. மழை பெஞ்சாலும் வரும்" என்றார். "இவங்க நாலு மணின்னு சொன்னா நாலு மணி."

"அப்ப சரி. திங்கக்கிழமையிலேர்ந்து குடுங்க" என்றார் அந்த அம்மா.

திரும்பி வரும்போது காலி டப்பா என் மடியில் தடதடவென்று ஆடியது. வழியில் டிரைவர்கள், தெரிந்தவர்கள் எல்லாம் கடந்து போனார்கள். நான் இவர் தோள்மேல் கையைப் போட்டுக்கொண்டேன்.

"கையை எடு. பாக்கறாங்க" என்றார்.

நான் எடுக்கவில்லை.